இடதுகைக்காரனின் வலது கை

ஆபரேஷன் தேதியை மூன்று தடவை தள்ளிப்போட்டவன் நான். முதல் தடவை, தீபாவளி வருகிறது என்றேன். இரண்டாவது தடவை, லாரிக்கு மாற்று ஆள் கிடைக்கவில்லை என்றேன். மூன்றாவது தடவை காரணம்கூடச் சொல்லவில்லை. போகவில்லை, அவ்வளவுதான். மிஷின் வழியாக ரத்தத்தைச் சுத்தம் செய்யும் டயாலிசிஸுக்காகக் கையில் இரண்டு ரத்தக்குழாயைச் சேர்த்துவிடும் சின்ன ஆபரேஷன். கையில் மரத்துப்போக ஊசி போட்டு, ஒன்றிரண்டு மணி நேரத்தில் முடித்து அனுப்பிவிடுவார்கள். அதற்குப் பயந்துகொண்டு ஓடியதால் கழுத்திலும் மார்பிலும் குழாயைச் செருகிக்கொண்டு ஒரு வருடத்துக்குக் கிட்ட அலைந்தேன்.

மலேசியாவில் சுங்கை சிப்புட்டுக்கு வெளியே ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன். அப்பாவும் அம்மாவும் பால் வெட்டினார்கள். பால்மரத்தை அழித்துச் செம்பனை (எண்ணெய்ப்பனை) போட்ட பிறகு நான் குலை ஏற்றும் லாரியில் ஏறினேன். விடியற்காலை கோப்பிக்கு மூன்று கரண்டி சீனி, மத்தியானம் கடைச் சாப்பாடு, சாயங்காலம் ஐஸ் போட்ட சீராப் தண்ணீர். நாற்பது வயதில் இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி, வந்தது. இந்த நாட்டில் புதிதாக டயாலிசிஸுக்கு வருகிறவர்களில் பாதிக்கு மேல் இனிப்பு நீர்க்காரர்கள்தான். எங்கள் சென்டரில் சுற்றிப் பார்த்தாலே தெரியும்.

2015இல் ஈப்போவில் கிட்னி டாக்டர் சொன்னார், கிட்னி 15 சதவிகிதம்தான் வேலை செய்கிறது, கையில் ஃபிஸ்டுலா, அதாவது அந்தக் குழாய் இணைப்பு, போட்டுவிடலாம் என்று. எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. நன்றாக நடக்கிறேன், லாரி ஓட்டுகிறேன், மூத்திரம் போகிறது. மிஷினே இன்னும் வரவில்லை, அதற்குள் கையை ஏன் வெட்ட வேண்டும்? கையை வெட்டினால் டயாலிசிஸ் நிச்சயமாகிவிடும் என்று உள்ளுக்குள் ஒரு கணக்கு. இந்தக் கணக்கை எத்தனையோ பேர் போடுவதைப் பிறகு பார்த்துவிட்டேன். ஃபிஸ்டுலா போட்டதால் கிட்னி கெடாது, போடாததால் பிழைக்கவும் செய்யாது.

ஏன் முன்கூட்டியே போட வேண்டும் என்று அன்றைக்கே விளங்கியிருந்தால் போயிருப்பேனோ என்னவோ. இப்போது விளங்கியதைச் சொல்கிறேன். டயாலிசிஸ் மிஷினுக்கு நிமிடத்துக்கு 250, 300 மில்லி ரத்தம் வேண்டும். ரத்தம் எடுக்கக் கையில் குத்துகிறார்களே, நாம் ‘நரம்பு’ என்று சொல்லும் அந்தப் பச்சைக் குழாய், அதனால் அவ்வளவு கொடுக்க முடியாது. இதயத்திலிருந்து வேகமாக வரும் ரத்தக்குழாய் ஆழத்தில் ஓடுகிறது. அதை வாரம் மூன்று முறை குத்தினால் தாங்காது. ஆகவே இரண்டையும் ஓரிடத்தில் சேர்த்துத் தைத்துவிடுகிறார்கள். வேகமான ரத்தம் பச்சைக் குழாய்க்குள் பாய்ந்து பாய்ந்து, அது தடித்து, சுவர் கெட்டிப்பட்டு, தோலுக்கு மேலே கயிறு போலத் தெரிய ஆரம்பிக்கும். வெள்ளம் வந்தால் வாய்க்கால் தானே அகலமாகும், அந்தக் கதைதான்.

ஆனால் வாய்க்கால் ஒரே நாளில் அகலமாகாது. குறைந்தது ஆறு வாரம், பலருக்கு இரண்டு மூன்று மாதம். எங்கள் மிஸ்ஸிகள் (நர்ஸுகள்) ‘ஆறு’ கணக்கு ஒன்று வைத்திருக்கிறார்கள்: ஆறு வாரம் ஆகியிருக்க வேண்டும், நிமிடத்துக்கு 600 மில்லி ஓட வேண்டும், குழாய் 6 மில்லிமீட்டர் தடிக்க வேண்டும், தோலுக்குக் கீழே 6 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். இது எல்லாருக்கும் முதல் தடவையிலேயே அமைந்துவிடுவதில்லை. எனக்கு அமையவில்லை. அதனால்தான் டயாலிசிஸ் தேவைப்படும் என்று தோன்றும் நாளுக்கு ஆறு மாதம் முன்பே போடச் சொல்கிறார்கள். ஒன்று தவறினால் இன்னொன்றுக்கு நேரம் இருக்கும்.

நான் கொடுக்காத அந்த நேரம் 2016 டிசம்பரில் ஒரு ராத்திரி முடிந்தது. படுத்தால் மூச்சு முட்டியது. உட்கார்ந்தே விடிய வைக்கலாம் என்று பார்த்தேன். இரண்டு மணிக்கு மனைவி பக்கத்து வீட்டுத் தம்பியை எழுப்பிக் காரை எடுக்கச் சொல்லிவிட்டாள். எந்த ஆஸ்பத்திரி கிட்ட இருந்ததோ அங்கே போனோம். நுரையீரலில் தண்ணீர். உடனே கழுத்தில் குழாய் போட்டு டயாலிசிஸ்.

அந்த வார்டில்தான் என் வலது கை போனது. நான் பீச்சாங்கைக்காரன். எழுதுவது, பால் வெட்டுவது, சோறு தவிர எல்லாமே இடது கை. சோற்றுக்கு மட்டும் சின்ன வயதில் பாட்டி அடித்து மாற்றிவிட்டாள். டிரிப் போட வந்த மிஸ்ஸி மரியாதையாகத்தான் கேட்டார், “அங்கிள், எந்தக் கையால் எழுதுவீங்க?” இடது என்றேன். அப்படியானால் வலதில் போடுகிறேன் என்றார். நானும் நீட்டினேன். பத்து நாளில் வலது கை மணிக்கட்டிலும் முன்கையிலும் ஏழெட்டு ஊசி. ஃபிஸ்டுலாவை அதிகம் புழங்காத கையில்தான் போடுவார்கள். அதாவது எனக்கு வலது கை. காப்பாற்ற வேண்டிய கையையே நான் காட்டிக்கொடுத்திருக்கிறேன்.

கிட்னி பாதிக்கு மேல் போய்விட்டது என்று சொல்லிவிட்டால், அன்றிலிருந்து ஒரு கையை ஒதுக்கி வையுங்கள். அந்தக் கையில் ரத்தம் எடுக்கக் கூடாது, டிரிப் கூடாது. வேறு வழியில்லை என்றால் புறங்கையில் போடச் சொல்லலாம். முன்கையையும் முழங்கை மடிப்பையும் தொட விடாதீர்கள். கேட்டால் முகம் சுளிப்பார்கள் என்று நினைக்க வேண்டாம். எந்தக் கை என்று சொல்ல வேண்டியது நம் வேலை, ஏனென்றால் ராத்திரி ஷிப்டில் நம் ஃபைலை யாரும் முழுக்கப் படித்துக்கொண்டு நிற்க மாட்டார்கள். சுயநினைவில்லாமல் கிடந்தால் யார் சொல்வது? என் மகள் என் கைபேசி உறைக்குள் ஒரு சீட்டு எழுதி வைத்திருக்கிறாள்: வலது கையில் ஊசி, பிரஷர் கூடாது என்று மலாயில்.

கழுத்துக் குழாயைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், நினைத்தாலே அரிக்கிறது. முதலில் போட்டது தற்காலிகக் குழாய். பிறகு தோலுக்கு அடியில் நுழைத்து மார்பில் வெளியே வரும் பெர்ம்கேத். ஊசி குத்தும் வலி இல்லை, உடனே பயன்படுத்தலாம், அது உண்மை. ஆனால் தலைக்கு நன்றாகத் தண்ணீர் ஊற்றிக் குளிக்காமல் ஒரு வருடத்துக்குக் கிட்ட. நம் ஊர் வெயிலில்! மூன்றாவது மாதம் ஒரு புதன்கிழமை, மிஷின் போட்டு ஒரு மணி நேரத்தில் உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. இரண்டு போர்வை போர்த்தியும் பல் கிட்டியது. குழாய் வழியாக ரத்தத்தில் கிருமி. இரண்டு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்து, பழைய குழாயை எடுத்துவிட்டுப் புதிதாகப் போட்டுக்கொண்டு வந்தேன். குழாய் நாள்பட இருந்தால் நெஞ்சுக்குள் பெரிய ரத்தக்குழாயே சுருங்கிப்போகும், அப்புறம் அந்தப் பக்கத்துக் கையில் ஃபிஸ்டுலா போட்டாலும் கை வீங்கும் என்று டாக்டர் சொன்னபோதுதான் எனக்குப் பயம் இடம் மாறியது.

முதல் ஃபிஸ்டுலா வலது மணிக்கட்டில். மணிக்கட்டில் ஆரம்பிப்பதுதான் முறை. அது போனாலும் மேலே இடம் மிஞ்சும். ஸ்கேனில் குழாய் 2 மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூட இருந்தது. டிரிப் போட்ட இடத்தில் ஒரு தழும்பு. “முயன்று பார்க்கலாம்” என்றார் டாக்டர். ஒன்பது நாள் நன்றாக ஓடியது. பத்தாவது நாள் வெள்ளிக்கிழமை. டயாலிசிஸில் அதிகத் தண்ணீர் எடுத்து பிரஷர் 90க்கு இறங்கி, தலை சுற்றி, வீட்டுக்கு வந்து அப்படியே வலது பக்கம் சாய்ந்து தூங்கிவிட்டேன். எழுந்து தொட்டால் அதிர்வு இல்லை.

இங்கேதான் இன்னொரு முட்டாள்தனம். சனி, ஞாயிறு டாக்டர் இருக்க மாட்டார் என்று நானே முடிவு செய்து திங்கட்கிழமை போனேன். உறைந்த ரத்தம் கெட்டிப்பட்டுவிட்டது. அன்றைக்கு ராத்திரியே வந்திருந்தால் எதாவது செய்து பார்த்திருக்கலாமே என்றார்கள். அதிர்வு நின்றால் அது அவசரம். நெஞ்சுவலிக்கு எப்படி ஓடுவோமோ அப்படி ஓட வேண்டும், சனியாவது ஞாயிறாவது.

இரண்டாவது ஆபரேஷன் 2017 ஆகஸ்டில், முழங்கை மடிப்பில். அதை ஒன்றுவிடாமல் சொல்லிவிடுகிறேன், பயந்துகொண்டிருக்கிறவர்களுக்காக. காலையில் போய்ப் பச்சை உடுப்பு மாற்றிப் படுத்தேன். கையை ஒரு பலகையில் நீட்டி வைத்து, மஞ்சள் மருந்து தடவி, முகத்துக்கும் கைக்கும் நடுவே துணி கட்டிவிட்டார்கள். மரத்துப்போகும் ஊசிதான் வலி, எறும்பு கடித்த மாதிரி நாலைந்து இடத்தில். அதற்கப்புறம் வலி இல்லை. ஆனால் இழுக்கிறார்கள், அமுக்குகிறார்கள், என்னமோ செய்கிறார்கள் என்று தெரியும். மலாய்க்கார இளம் டாக்டர். எந்தத் தோட்டம், என்ன வேலை என்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே தைத்தார். பால் வெட்டுகிறவர் மகன் என்றேன். எனக்கும் தாத்தா வெட்டினார் என்றார்.

திடீரென்று பேச்சு நின்றது. ஒரு கவ்வியைக் கழற்றும் சத்தம். கை முழுக்க வெதுவெதுப்பாக எதோ பரவியது. தையல் எல்லாம் முடிந்து துணியை விலக்கியதும் என் இடது கை விரலைப் பிடித்துக் கட்டுக்கு மேலே வைத்து, “சூபா ராசா, அங்கிள்” என்றார். தொட்டுப் பாருங்கள் என்று. லாரி நியூட்ரலில் நிற்கும்போது கியர் குச்சியில் கை வைத்தால் ஒரு நடுக்கம் இருக்குமே, அதே நடுக்கம், என் தோலுக்குக் கீழே. முப்பது வருடம் லாரி ஓட்டியவனுக்கு அது போதாதா. கண் கலங்கிவிட்டது.

இந்த ஏற்பாடு ஒன்றும் நேற்று வந்ததில்லை. 1960இல் அமெரிக்காவில் ஸ்கிரிப்னர் என்ற டாக்டர் டெஃப்ளான் குழாயைக் கையில் வெளியே தெரிகிற மாதிரி வைத்து டயாலிசிஸ் செய்து காட்டினார். தொடர்ந்து டயாலிசிஸ் செய்து ஆளைப் பிழைக்கவைக்கலாம் என்று தெரிந்ததே அதனால்தான். ஆனால் அந்தக் குழாயிலும் அடைப்பு, கிருமி என்று ஓயாத தொல்லை. 1966இல் நியூயார்க்கில் பிரெஷியா, சிமினோ முதலியவர்கள், வெளிக்குழாயே வேண்டாம், நோயாளியின் சொந்த ரத்தக்குழாய்களையே சேர்த்துவிடலாம் என்று எழுதினார்கள். இத்தனை வருடத்துக்குப் பிறகும் அதற்கு ஈடு வரவில்லை. சொந்தக் குழாய் சரிப்படாதவர்களுக்குச் செயற்கைக் குழாய் வைக்கிறார்கள். அதை இரண்டு மூன்று வாரத்தில் குத்தலாம் என்றாலும் அடைப்பும் கிருமியும் அதில் கூட.

ஆபரேஷனுக்குப் பிறகு இரண்டு வாரத்தில் தையல் ஆறியது. டாக்டர் சரி என்றதும் பேரன் விளையாடும் ரப்பர் பந்தை அமுக்கத் தொடங்கினேன். டிவி பார்க்கும்போது, கோயில் திண்ணையில் உட்கார்ந்திருக்கும்போது, எப்போதும் கையில் பந்து. பேரன் அழுததால் அவனுக்கு வேறு வாங்கிக் கொடுத்தோம். விரல் நுனி சில்லென்று இருந்தது, டயாலிசிஸ் நடக்கும்போது மரத்தது. கைக்குப் போக வேண்டிய ரத்தத்தைக் குழாய் இழுத்துக்கொள்வதால் அப்படி, முழங்கையில் போட்டால் இது கூடுதலாக வரும். எனக்கு உறை மாட்டினால் போதுமாக இருந்தது. விரல் வலித்தாலோ, கறுத்தாலோ, புண் வந்தாலோ பொறுத்துக்கொண்டு இருக்கக் கூடாது.

பத்தாவது வாரம் முதல் ஊசி. குழாய் பக்கவாட்டில் ஓட்டையாகி ரத்தம் சதைக்குள் இறங்கி, கை நாவற்பழம் மாதிரி ஆகிவிட்டது. போச்சு, இதுவும் போச்சு என்று வீட்டில் ஒரே அழுகை. போகவில்லை. முதல் நாள் ஐஸ் வைத்து, பத்து நாள் ஓய்வு கொடுத்து, மூத்த மிஸ்ஸி ஒருவர் மெல்லிய ஊசியால் மறுபடி ஆரம்பித்தார். புதுக் கைக்கு அனுபவசாலியைத்தான் குத்தச் சொல்ல வேண்டும், வெட்கப்படாமல் கேளுங்கள். அந்தப் பத்து நாளும் பெர்ம்கேத்தான் காப்பாற்றியது. கையில் பல தடவை நன்றாக ஓடிய பிறகே அதை எடுத்தார்கள். அன்றைக்குக் குளியலறையில் வாளி வாளியாகத் தலைக்கு ஊற்றினேன். தண்ணீர் பில்லைப் பற்றி மனைவி ஒன்றும் சொல்லவில்லை.

இப்போது அதிகம் சண்டை போடுவது குத்தும் இடத்துக்காக. ஒரே இடத்தில் குத்தினால் வலிக்காது. தோல் மரத்துவிடும். அதனால் நோயாளிகளே, “அங்கேயே குத்துங்க மிஸ்ஸி” என்று கேட்பார்கள். எங்கள் சென்டரில் ஒரு அக்காவுக்கு அப்படிக் குத்திக் குத்தி எலுமிச்சம்பழம் அளவு புடைத்து, தோல் பளபளவென்று மெலிந்துவிட்டது. அது வெடித்தால் நிமிடங்களில் ஆள் போய்விடலாம். அப்பா புதுசாக வந்த வெட்டுக்காரர்களைத் திட்டுவார், கத்தியைக் கட்டையில் படவிட்டால் மரம் முண்டு முண்டாகிவிடும், அப்புறம் அந்தப் பட்டையில் பால் எடுக்க முடியாது என்று. வெட்டும் கோட்டினை ஒழுங்காக இறக்கிக்கொண்டே வர வேண்டும். என் கையிலும் அப்படித்தான். இன்றைக்கு இங்கே என்றால் அடுத்த தடவை கொஞ்சம் மேலே, அப்படியே ஏணிப்படி மாதிரி போய்த் திரும்பி வர வேண்டும். ஒரே ஓட்டையில் மொட்டை ஊசி போடும் முறையும் இருக்கிறது. அது தனி, பழகியவர்கள் செய்ய வேண்டியது.

அந்தக் கையில் பிரஷர் பார்க்கக் கூடாது, கடிகாரம் கூடாது, பசார் மாலாம் (இரவுச் சந்தை) பையை முழங்கையில் தொங்கவிடக் கூடாது, தலைக்கு அண்டை கொடுத்துத் தூங்கக் கூடாது. குத்துவதற்கு முன் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். இதெல்லாம் எல்லாச் சென்டரிலும் ஒட்டி வைத்திருக்கிறார்கள். ஒட்டி வைக்காதது ஒன்று: காப்புக் கயிறு. ஆண்களுக்கு வலது கையில்தானே கட்டுவார்கள். தைப்பூசத்துக்கு விரதம் இருந்து காப்புக் கட்டப் போனபோது குருக்கள் வலது கையைப் பிடித்துவிட்டார். வேண்டாம் சாமி, இடதில் கட்டுங்கள் என்றேன். முறையில்லையே என்று தயங்கினார். அவர் விரலை எடுத்து என் முழங்கையில் வைத்தேன். சட்டென்று கையை இழுத்துக்கொண்டு, பேசாமல் இடதில் கட்டினார். பெண்கள் இறுக்கமான வளையலுக்கும் இதே பதில்தான்.

ஊசி எடுத்த பிறகு பத்து நிமிடம் போல அமுக்கினால் ரத்தம் நிற்க வேண்டும். எனக்கு ஒரு கட்டத்தில் இருபத்தைந்து நிமிடம் ஆகியும் கசிந்தது. மிஷினிலும் ரத்தம் திரும்பிப் போகும் பக்கத்து அழுத்தம் கூடிக்கொண்டே வந்தது. அதிர்வும் மாறி, நெஞ்சுத் துடிப்பு மாதிரி டுக் டுக் என்று அடித்தது. மேலே எங்கோ குழாய் சுருங்கியிருக்கிறது என்று அர்த்தம். பலூன் விட்டு விரித்துவிட்டார்கள். அதுதான் இதுவரைக்கும் இரண்டு தடவை. வீட்டில் திடீரென்று ரத்தம் பீறிட்டால் துண்டைச் சுற்றிக்கொண்டு ஓடாதீர்கள், துண்டுக்குள் எவ்வளவு போகிறது என்றே தெரியாது. ஓட்டை மேலேயே விரலை வைத்து அழுத்தி, கையைத் தூக்கிப் பிடித்து, ஆம்புலன்ஸுக்கு 999க்கு அடிக்கச் சொல்லுங்கள்.

காசு விஷயம்: சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு) சந்தா கட்டி வேலை பார்த்தவர்கள் 60 வயதுக்கு முன்பே போய்க் கேளுங்கள், டயாலிசிஸ் செலவுக்கு வழி இருக்கிறது. அரசாங்க ஆஸ்பத்திரியில் நிபுணரைப் பார்க்க நான் கட்டியது 5 வெள்ளி (ரிங்கிட்). நான் தள்ளிப்போட்டதற்குக் காசு காரணமில்லை.

இப்போது சென்டருக்குப் போவது திங்கள், புதன், வெள்ளி, காலை ஷிப்ட், நாலு மணி நேரம். ராத்திரி வலது கையைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்தால் காதுக்குள் உஸ் உஸ் என்று கேட்கும். “உங்க கையில பஸ் ஓடுது, தள்ளிப் படுங்க” என்பாள் மனைவி. போன வாரத்திலிருந்து அந்தச் சத்தம் கொஞ்சம் கீச்சென்று இருக்கிறது. மிஸ்ஸியிடம் சொன்னேன், அவரும் ஸ்டெதாஸ்கோப் வைத்துப் பார்த்துவிட்டுக் கடிதம் கொடுத்துவிட்டார். செவ்வாய்க்கிழமை ஈப்போவுக்கு. மருமகன் லீவு போட்டிருக்கிறார். கார் நிறுத்த இடம் கிடைக்காது, ஆறரைக்கெல்லாம் கிளம்ப வேண்டும்.